பிழைத்திருத்தல் பத்திரம்

காரைக்குடி, நூறடி ரோட்டு ஆஸ்பத்திரி,
ரத்தம் சுத்திகரிக்கும் கூடம், நாலாம் கட்டில்.
காலை ஷிப்டு சாத்தையா
மாலை ஷிப்டுக்கு மாற்றப்பட்ட ஜெசிந்தா அவர்களுக்கு
மனப்பூர்வமாய் எழுதிக்கொடுப்பது என்னவென்றால்:

வெள்ளிக்கிழமை நோட்டில்
பன்னிரண்டு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்.
ஆறு விழுந்தது, மறுபடி ஆறு விழுந்தது என்கிறீர்கள்.
விழுந்திருக்கும்.
கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்
பொய் சொல்ல மாட்டார்.
ஆனால் வளைவில் ஹாரன் அடிக்க வேண்டாமா?

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரை
இந்தச் சிக்கல் இல்லை.
கட்டை உருண்டது இருவர் கண்ணிலும் பட்டது.
ஒருவர் பேச மற்றவர் கேட்டோம்,
மெஷின் கத்தினால் இருவரும் வாய் மூடினோம்.
இப்போது நமக்கு நடுவே
ஒரு முழு மத்தியானம் கிடக்கிறது.

ஆகவே:
வெள்ளைக் கட்டை, எத்தனை வாக்கியம் என்று சொல்லும்.
சிவப்புக் கட்டை, இரட்டை விழுந்தால் வழிவிடும்,
ஒற்றை என்றால் மறிக்கும்.
வெள்ளையில் ஆறுக்கு மறு உருட்டு உண்டு,
அதிலும் ஆறே விழுந்தால்
அந்த ஆறு எதிராளிக்கு.
ஊசி ஏறாத கையால், எவர்சில்வர் டம்ளரில், இரண்டு குலுக்கு.
மூன்றாவது குலுக்கு பேராசை.
போர்வை மடிப்பில் சாய்ந்து நிற்கும் கட்டை செல்லாது.
'ஆதலால்' போட்டு இரண்டு வாக்கியத்தை
ஒன்றாகத் தைப்பது கூடாது.
தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
முப்பது வருஷம், ஒரே வாக்கியத்தில்
முழு வீட்டையே விற்றுக்கொடுத்தவன் நான்,
அந்த வித்தை என்னிடம் வேண்டாம்.

கதை நிற்கும் இடம்:
ஒரு வீடு. இருபத்தேழு பங்கு. இருபத்தேழு பூட்டு.
பினாங்கு, பெங்களூர், பழனி என்று அலைந்து
பங்காளிகளிடம் சாவி சேர்க்கிறான் நம் ஆள்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பத்தொன்பது சேர்ந்திருந்தது.
நீங்கள் அவனைப் பஸ் ஏற்றி,
கானாடுகாத்தான் தாண்டியதும் பஸ்ஸைப் பஞ்சராக்கி,
கண்டக்டரம்மாவுக்கு அவன்மேல் காதலும் வைத்து,
எட்டாவது வாக்கியத்தில்
பத்தொன்பதையும் ஊருணியில் போட்டுவிட்டீர்கள்.

எட்டு செல்லாது.
ஆகவே சாவி விழவில்லை.
காதல் நாலாவது வாக்கியம், அது செல்லும்.

ஓரத்தில் பென்சிலால் ஒரு புது விதி கேட்டிருக்கிறீர்கள்:
சிவப்பில் ஒன்று விழுந்தால்
யாராவது ஒருவர் கதையை விட்டுப் போக வேண்டும் என்று.
யோசித்தேன். நாலு மணி நேரம்
வேறு என்ன வேலை.
அந்த உருட்டு நம் டம்ளரில் வேண்டாம்.

வராத நாள் பற்றி:
காய்ச்சல், கல்யாணம், கரண்ட் இல்லாமை, எதுவானாலும்
முறை காலாவதி ஆகாது.
நோட்டு டிராயரிலேயே இருக்கும்.

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.
பிழையைத் திருத்தல் என்றுதான் பதிவுத்துறையில் பொருள்.
நீங்கள் வேறு இடத்தில் பிரித்துப் படித்தால்
எழுத்தர் பொறுப்பல்ல.

சாட்சி: டெக்னீஷியன் பஞ்சவர்ணம்.
கையெழுத்துப் போடவில்லை,
பிரஷர் பார்க்க ஆள் காத்திருக்கிறதாம்.

இனி என் முறை.
உருட்டினேன். வெள்ளை இரண்டு.
சிவப்பு துள்ளி, கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவே
போய்விட்டது. கை எட்டவில்லை.
எடுத்துத் தருகிறேன் என்றாள் பஞ்சவர்ணம்,
வேண்டாம் என்றேன்.
ஐந்து மணிக்கு நீங்கள் வந்ததும்,
ஊசி ஏறும் முன்னால்,
குனிந்து பாருங்கள்.
தொடுவதற்கு முன் பாருங்கள்.
என்ன விழுந்திருக்கிறதோ
அதை இதற்குக் கீழே எழுதிவையுங்கள்.
என் இரண்டு வாக்கியத்தைத்
திங்கட்கிழமை சொல்கிறேன்.